தியான வகுப்பில் எட்டு வாரம்

"எனக்குத் தியானமெல்லாம் சரிப்பட்டு வராதுங்க. கண்ணை மூடினால் போதும், இருக்கிற கவலையெல்லாம் வரிசைகட்டி வந்துவிடுகிறது." தியான வகுப்பைப் பாதியில் விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். மனம் அடங்கவில்லை, ஆகவே நமக்கு இது வாய்க்காது என்று முடிவுகட்டி இரண்டாம் வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் மனம் அலைகிறது என்பதைக் கண்டுகொண்ட இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது. இதை முன்கூட்டியே யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால், அவர்களில் பலர் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருக்க மாட்டார்கள்.

பலர் சேர்ந்து உட்கார்ந்து பழகும் தியான வகுப்பில் என்னென்ன நடக்கும், உடம்பிலும் மூளையிலும் அதற்கு என்ன காரணம், ஆய்வுகள் எதை உறுதி செய்கின்றன என்பதை அறிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும், பயன் கூடும். தியான வகுப்புகள் பல வகைப்படும். மனவளக்கலை மன்றத்தின் முறை ஒன்று, பத்து நாள் பேசாமல் இருக்கும் விபாசனா முகாமின் முறை வேறொன்று. இங்கே நான் எடுத்துக்கொள்வது அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் பிறந்த எட்டு வார வகுப்பு. மருத்துவ ஆய்வாளர்கள் மிக அதிகமாகச் சோதித்துப் பார்த்த தியான வகுப்புகளில் அதுவும் ஒன்று என்பதால், அதைப் பற்றி ஆதாரத்தோடு பேச முடியும்.

மருத்துவமனைக்குள் வந்த தியானம்

ஜான் கபாட்-ஜின் மூலக்கூறு உயிரியல் படித்தவர். நோபல் பரிசு பெற்ற சால்வடார் லூரியாவின் வழிகாட்டலில் எம்.ஐ.டி.யில் ஆய்வு செய்து 1971ல் முனைவர் பட்டம் பெற்றார். ஜென் தியானமும் விபாசனாவும் ஹத யோகமும் பழகியவர். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் உள்ள பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1979ல் அவர் ஒரு வகுப்பைத் தொடங்கினார். மருந்தும் அறுவை சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தும் தீராத முதுகுவலி, கழுத்துவலி, தலைவலி என்று அவதிப்படும் நோயாளிகளை மருத்துவர்கள் அவரிடம் அனுப்பினார்கள். பௌத்தத்திலிருந்து பயிற்சியை எடுத்துக்கொண்டு, சடங்கையும் வழிபாட்டையும் வெளியே வைத்துவிட்டார் கபாட்-ஜின். இந்த வகுப்பு இன்று எம்.பி.எஸ்.ஆர். (மைண்ட்ஃபுல்னஸ் அடிப்படையிலான மன அழுத்தத் தணிப்பு) என்ற சுருக்கப் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற சொல் நம் ஊர் அலுவலகங்கள் வரை வந்து சேர்ந்ததற்கு இந்த வகுப்பும் ஒரு பெரிய காரணம்.

ஏற்பாடு இதுதான்: வாரம் ஒருமுறை வகுப்பு, சுமார் இரண்டரை மணி நேரம். எட்டு வாரம். ஆறாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையே ஒரு நாள் முழுக்க மௌனம். இவற்றோடு, வாரத்தில் ஆறு நாள் வீட்டில் 45 நிமிடம் பயிற்சி. சேர நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இந்தக் கடைசிக் கணக்கைத்தான். வகுப்புக்குப் போய்வருவது எளிது. வீட்டில் முக்கால் மணி நேரத்தைத் தினமும் ஒதுக்குவதுதான் பாடு.

ஓர் உலர்திராட்சையோடு முதல் நாள்

நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். ஓரமாகப் பாய்களும் திண்டுகளும் இருக்கும். வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாம் ஏன் வந்தோம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தூக்கமின்மை, ரத்தக் கொதிப்பு, புற்றுநோய் சிகிச்சைக்குப் பிந்தைய பயம், மணமுறிவு என்று காரணங்கள் வரும். சொல்ல விருப்பமில்லாதவர் சொல்ல வேண்டியதில்லை. இங்கே கேட்டதை வெளியே பேசக்கூடாது, ஒருவருக்கொருவர் புத்திமதி சொல்லக்கூடாது என்ற இரண்டு விதிகளை ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிடுவார்.

அடுத்து ஆளுக்கு இரண்டு மூன்று உலர்திராட்சைகள் கொடுக்கப்படும். வாயில் போட்டுவிடக் கூடாது. ஒன்றை உள்ளங்கையில் வைத்து, இப்படி ஒரு பொருளை இதற்கு முன் கண்டதே இல்லை என்பதுபோலப் பார்க்க வேண்டும். மேல்தோலின் சுருக்கங்கள், மேட்டில் மினுங்கும் வெளிச்சம், காம்பு இருந்த இடத்துத் தழும்பு. விரலிடுக்கில் வைத்து உருட்டினால் மெல்லிய பிசுபிசுப்பு. காதருகே கொண்டுபோய் நசுக்கினால் ஒரு சிறு ஓசை. மூக்கருகே கொண்டுவரும்போதே வாயில் எச்சில் ஊறுவது தெரியும். நாக்கில் வைத்ததும், கடிக்காமலே அதை எங்கே தள்ளுவது என்று நாக்குக்குத் தெரிந்திருப்பதைக் கவனிக்கலாம். பிறகு ஒரே ஒரு கடி. இனிப்பும் புளிப்பும் பரவுவது, விழுங்கத் தோன்றும் உந்துதல், தொண்டையில் இறங்குவது என்று எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்க்கச் சொல்வார்கள். ஒரு திராட்சைக்குச் சில நிமிடங்கள் ஆகும்.

தியானம் என்றால் அசாதாரணமான அனுபவம் ஒன்று வாய்க்கப்போகிறது என்று காத்திருந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் முழுப் பயிற்சியும் இதற்குள் அடங்கியிருக்கிறது. அன்றாடம் நாம் கவனிக்காமல் விழுங்கிக்கொண்டிருப்பதை, ஒருமுறை கவனத்தோடு செய்து பார்க்கிறோம். இனி வரும் வாரங்களில் திராட்சையின் இடத்தில் மூச்சு வரும், வலி வரும், கோபம் வரும். செய்வது இதே வேலைதான்.

மனம் ஏன் ஓடுகிறது?

முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், கவனம் நம் சொல்பேச்சு கேட்பதில்லை என்று. மூச்சைப் பார்க்கச் சொன்னால் மனம் மளிகைக் கடைக்குப் போகிறது. இது நம் குறைபாடு இல்லை, மூளையின் அமைப்பு. செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கஸ் ரெய்க்கிளும் அவர் குழுவினரும் 2001ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். நாம் வேலை ஏதும் செய்யாமல் இருக்கும்போது மூளையின் சில பகுதிகளின் செயல்பாடு கூடுகிறது, வெளிவேலையில் இறங்கியதும் குறைகிறது. இந்தப் பகுதிகளைச் சேர்த்து இயல்புநிலை வலைப்பின்னல் என்று சொல்லலாம். நேற்று நடந்ததை அசைபோடுவது, நாளை நடக்கப்போவதைக் கற்பனை செய்வது, பிறர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று எண்ணுவது போன்றவற்றோடு தொடர்புடைய பகுதிகள் இவை.

ஹார்வர்டின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2250 பேரைக் கைபேசி வழியாக நாளின் வெவ்வேறு நேரங்களில் விசாரித்தார்கள். 2010ல் வெளியான அந்த ஆய்வின்படி, விழித்திருக்கும் நேரத்தில் கேட்கப்பட்ட தருணங்களில் 46.9 சதவீதத்தில் மனம் செய்யும் வேலையில் இல்லை. அப்படி அலைந்தபோது அவர்களின் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. கண்ணை மூடி உட்கார்ந்தவருக்கு நினைப்பு புதிதாக முளைப்பதில்லை. எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது இப்போது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹேசன்காம்ப்பின் குழு 2012ல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நெருங்கிப் பார்த்தது. தியானத்தில் பழகிய 14 பேரை, மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, 20 நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மனம் விலகியதை உணரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நான்கு கட்டங்கள் மாறி மாறி வருவது தெரிந்தது: மனம் அலைவது, அலைந்ததை உணர்வது, கவனத்தைத் திருப்புவது, திரும்பிய இடத்தில் நிறுத்துவது. அலையும்போது இயல்புநிலை வலைப்பின்னலும், உணரும் நொடியில் முக்கியமானதைக் கண்டறியும் வேறொரு வலைப்பின்னலும், திருப்பி நிறுத்தும்போது நெற்றிப்புறத்துக் கட்டுப்பாட்டுப் பகுதிகளும் இயங்கின. பழகியவர்களின் மனமும் அலைகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேயப்போன மாட்டைப் பிடித்துவந்து கட்டுத்தறியில் கட்டுவது போன்ற வேலை இது. நூறு முறை ஓடினால் நூறு முறை கூட்டிவர வேண்டும், அடிக்காமல். அந்தக் கூட்டிவருதலுக்குத்தான் பயிற்சி என்று பெயர்.

கால் மரத்துப்போகும், தூக்கம் சொக்கும்

உடம்பைப் பற்றி வகுப்புகளில் போதுமான அளவு சொல்வதில்லை. சம்மணமிட்டு அரை மணி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். ரத்தம் ஓடாமல் நின்றுவிட்டது என்று பலரும் பயப்படுகிறார்கள். நரம்பு அழுத்தப்படுவதுதான் முக்கியக் காரணம். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டி, தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு போகிறது. அது நசுங்கும்போது நரம்பும் அதற்கு ஊட்டம் தரும் நுண்குழாய்களும் அழுத்தப்பட்டு, செய்தி போவது தடைப்படுகிறது. காலை நீட்டியதும் நரம்பு உயிர்பெற்று, ஒழுங்கில்லாமல் சமிக்ஞைகளை அனுப்புகிறது. ஊசி குத்துவதுபோன்ற உணர்வு அதனால் வருகிறது. சில நிமிடங்களில் சரியாகிவிடும். மரத்த காலோடு சட்டென்று எழுந்து நடக்க மட்டும் கூடாது, இடறி விழ நேரும். நெடுநேரமாகியும் மரப்பு விடாவிட்டாலோ பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து தியானம் செய்வதில் எந்தக் குறையும் இல்லை. வூஸ்டர் வகுப்பில் முதுகுவலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், அதுவும் முடியாதவர்கள் படுத்துக்கொண்டார்கள்.

படுத்துச் செய்யும் பயிற்சியும் உண்டு. இடது கால் விரல்களில் தொடங்கி, கவனத்தை மெல்ல மேலே நகர்த்தி, இடுப்பைத் தொட்டு, வலது கால் விரல்களுக்கு வந்து, வயிறு, முதுகு, கைகள், கழுத்து, முகம், உச்சந்தலை வரை போகிறது. இதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். முதல் வகுப்பில் பாதி வழியிலேயே குறட்டைச் சத்தம் கேட்பது சகஜம். வேண்டிய அளவு தூங்காத உடம்பு, வெளிச்சமும் சத்தமும் குறைந்து கிடைக்கும் முதல் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. யாரும் திட்டமாட்டார்கள். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்வார்கள்.

மூச்சை இந்த வகுப்பில் கட்டுப்படுத்தச் சொல்வதில்லை, கவனிக்க மட்டுமே சொல்கிறார்கள். ஆனாலும் நிதானமாக உட்காரும்போது மூச்சு தானாகவே மெதுவாகலாம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே விரைவாகி, விடும்போது தணிகிறது. இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் வேலை இது. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு 2001ல் 23 பேரிடம் நடத்திய ஆய்வில், கிறிஸ்தவ ஜெபமாலையைச் சொன்னாலும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்தைச் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. அதோடு இதயத்தின் தாளமும் இசைந்தது. ஜபம் செய்தபின் கிடைக்கும் நிம்மதிக்கு மூச்சின் வேகமும் ஒரு காரணம் என்று இதிலிருந்து தெரிகிறது.

மௌனம் சுலபமில்லை

இடை வாரங்களில் ஒரு கட்டம் போட்ட தாள் தருவார்கள். ஒரு வாரம் தினமும் ஓர் இனிய நிகழ்ச்சியை எழுத வேண்டும், அடுத்த வாரம் தினமும் ஒரு கசப்பான நிகழ்ச்சியை. என்ன நடந்தது என்பதோடு, அப்போது உடம்பில் என்ன உணர்ந்தோம், மனம் என்ன சொன்னது என்பதையும் தனித்தனியே எழுத வேண்டும். கோபத்தில் வார்த்தை வெளிவருவதற்கு முன்பே தாடை இறுகுகிறது, மார்பு அடைக்கிறது என்பதைப் பலர் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டுகொள்கிறார்கள். இறுக்கத்தைக் கண்டுகொண்டவருக்கு, வார்த்தையை விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு கணம் கிடைக்கிறது. எட்டு வாரத்தில் அன்றாட வாழ்க்கைக்கு மிகவும் உதவும் பாடம் இது என்பேன்.

முழுநாள் மௌனம் பலருக்கும் அச்சம் தருகிறது. அந்த அச்சம் நியாயமானதுதான். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமொத்தி வில்சன் குழு 2014ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை ஓர் அறையில் 15 நிமிடம் தனியே விட்டார்கள். செய்ய ஒன்றுமில்லை. வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்தித் தங்களுக்கே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கப் பணம் கொடுக்கவும் தயார் என்று முன்பு சொன்னவர்களிலேயே 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். தன் நினைப்போடு தனியே இருப்பது மனிதருக்கு அவ்வளவு கடினமாக இருக்கிறது. துணைக்கு இருபது பேர் அதே அறையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது அது தாங்கக்கூடியதாகிறது.

சேர்ந்து உட்கார்ந்தால் என்ன கிடைக்கும்?

செயலியைத் திறந்து ஒலிக்கருவியைக் காதில் மாட்டிக்கொண்டால் வீட்டிலேயே தியானம் செய்யலாமே, வகுப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சி முடிந்ததும் ஆசிரியர் வட்டத்தைப் பார்த்து "என்ன கவனித்தீர்கள்?" என்று கேட்பார். "சலிப்பாக இருந்தது" என்று ஒருவர் சொன்னால், "அந்தச் சலிப்பு உடம்பில் எங்கே தெரிந்தது?" என்று கேள்வி தொடரும். பதிலைக் கேட்கும் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தனக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது என்ற கூச்சம் அங்கே கரைகிறது. செயலியில் இது கிடைக்காது.

இதற்கு அளவிட்ட ஆதாரமும் உண்டு. ஸாக் இமெல் குழுவினர் 59 எம்.பி.எஸ்.ஆர். வகுப்புகளில் சேர்ந்த 606 பேரின் முடிவுகளை 2008ல் ஆராய்ந்தார்கள். மனநல அறிகுறிகள் குறைவதில் ஆளுக்கு ஆள் தெரிந்த வேறுபாட்டில் சுமார் 7 சதவீதம், அவர் எந்தக் குழுவில் உட்கார்ந்தார் என்பதைப் பொறுத்திருந்தது. உளவியல் சிகிச்சை ஆய்வுகளில் இது புறக்கணிக்கக்கூடிய அளவு இல்லை. நல்ல ஆசிரியரும் நம்பிக்கை தரும் கூட்டமும் அமைந்தால் அதே பயிற்சி கூடுதலாக வேலை செய்கிறது.

பலன் எவ்வளவு?

தியானத்தைப் பற்றிய மிகைப்பேச்சு அதற்கே தீங்கு செய்கிறது. கணக்கைப் பார்ப்போம். கபாட்-ஜின் 1982ல் வெளியிட்ட முதல் ஆய்வில் நாள்பட்ட வலி உள்ள 51 பேர் இருந்தார்கள். அப்போது பத்து வாரமாக இருந்த பயிற்சிக்குப் பின் அவர்களில் 65 சதவீதத்தினருக்கு வலி மதிப்பெண் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, பயிற்சி பெறாதவர்களைச் சீட்டுக் குலுக்கலில் பிரித்துவைத்த குழு அதில் இல்லை.

பின்னாளில் ஆய்வுமுறை கறாரானது. 2014ல் மாதவ் கோயல் குழு 47 ஆய்வுகளை, மொத்தம் 3515 பேரை, ஒன்றுசேர்த்து அலசியது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் தியான வகுப்புகள் சிறிது முதல் மிதமான அளவு வரை உதவின. உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றை விட மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கென்று உருவான இன்னொரு எட்டு வார வகுப்பை 145 பேரிடம் சோதித்து 2000ல் முடிவு வெளியிட்டார்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 சதவீதத்தினருக்கு நோய் மீண்டது, வகுப்புக்கு வந்தோரில் 37 சதவீதத்தினருக்கு. 2022ல் எலிசபெத் ஹோக் குழு, பதற்றக் கோளாறு உள்ள 276 பேரில் ஒரு பாதியை எம்.பி.எஸ்.ஆர். வகுப்புக்கும் மறுபாதியை எஸ்சிடாலோப்ராம் மாத்திரைக்கும் அனுப்பியது. எட்டு வார முடிவில் வகுப்பு மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது.

எட்டு வாரத்தில் மூளையின் வடிவமே மாறிவிடும் என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். 2011ல் வகுப்பில் பங்கேற்ற 16 பேரிடம் நடந்த சிறு ஆய்வில் அப்படி ஒரு மாற்றம் தெரிந்தது உண்மை. 2022ல் 218 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில் அது தெரியவில்லை.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

தியானத்தால் கெடுதலே வராது என்று சொல்வதும் தவறு. மிகேல் ஃபாரியாஸ் குழு 2020ல் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுமார் 8 சதவீதத்தினருக்குப் பதற்றம், மனச்சோர்வு போன்ற வேண்டாத விளைவுகள் ஏற்பட்டிருந்தன. கொடுமைக்கு ஆளானவர்களுக்கு, கண்ணை மூடி உடம்பைக் கவனிக்கும்போது பழைய நினைவு வெள்ளமாக வரக்கூடும். அப்படி வந்தால் கண்ணைத் திறக்கலாம், எழுந்து நடக்கலாம், ஆசிரியரிடம் சொல்லலாம். மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ இருந்தவர்கள் மனநல மருத்துவரைக் கேட்டுவிட்டே சேர வேண்டும். எந்த மாத்திரையையும் தியானத்தை நம்பித் தாமாக நிறுத்தக் கூடாது.

சேரும் முன் ஆசிரியரிடம் இவற்றைக் கேளுங்கள்: அவர் எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி பெற்றார்? சேர்பவர்களின் உடல்நிலை, மனநிலை பற்றி முன்கூட்டி விசாரிக்கிறாரா? யாருக்காவது பயிற்சி ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வார்? கட்டணம் மொத்தம் எவ்வளவு, அடுத்த கட்டம் என்று மேலும் மேலும் கேட்பார்களா? கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் சேருங்கள். எல்லா நோயும் தீரும் என்று உறுதி கொடுப்பவரை விட்டு விலகுங்கள்.

சேர்ந்துவிட்டால், அமைதி கிடைத்ததா என்று ஒவ்வொரு நாளும் அளந்து பார்க்காதீர்கள். தளர்வான உடை உடுத்திக்கொண்டு, வயிறு முட்டச் சாப்பிடாமல் போங்கள். கால் வலித்தால் நாற்காலி கேளுங்கள். மனம் ஓடினால் கூட்டிவாருங்கள். எட்டு வாரமும் விடாமல் போய், வீட்டுப் பயிற்சியையும் செய்து பார்த்துவிட்டு, இது உங்களுக்கு உதவுகிறதா இல்லையா என்று அப்போது முடிவு செய்யுங்கள். இரண்டாம் வாரத்தில் எடுக்கிற முடிவு அவசர முடிவு.